பூட்டிக்கொண்ட ஆறு, பூட்டாத ஒன்று: வேலூர் லாட்ஜில் ஏழு கார்டு மெஷின்கள்

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய தெருவில் ஒரு லாட்ஜ். தரைத்தளத்தில் அதே முதலாளியின் மருந்துக்கடை. இரண்டுக்கும் சேர்த்து ஏழு கார்டு மெஷின்கள். கத்திரி வெயில் நேரத்தில், பத்தே நாளுக்குள், அவற்றில் ஆறு பூட்டிக்கொண்டன. ஐந்தின் திரையில் 'டேம்பர்', அதாவது உள்ளே கை வைக்கப்பட்டது, என்று வந்தது. ஒன்றில் அதே பொருளில் 'அலர்ட் இரப்ஷன்' என்று வந்தது. ஏழாவது மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மெஷினையும் பார்த்து முடித்தபோது, உடனே கவுன்டரை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது அந்த ஏழாவதைத்தான்.

முதலாளிக்கு இது புரியவில்லை. ஆறு செத்துக் கிடக்கிறது, ஓடுகிற ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்களே என்று கோபம். கோபம் நியாயமானதுதான். ஆனால் இந்த வகைக் கருவியில் கணக்கு தலைகீழ். பூட்டிக்கொண்ட மெஷின் தன் வேலையைச் செய்து முடித்த மெஷின். திறந்த தடயத்தோடு ஓடுகிற மெஷின்தான் விசாரிக்கப்பட வேண்டியது.

மெஷின்கள் ஏன் பீரோவுக்குப் போயின

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என எல்லாப் பக்கத்து நோயாளிகளும் தங்குகிறார்கள். வாரக்கணக்கில் தங்குவதால் பில் பெரிது. முன்பு கார்டு மெஷின் இல்லாமல் கடை நடக்காது. யுபிஐ வந்தபின் கவுன்டரில் கியூஆர் அட்டையும் சவுண்ட் பாக்ஸும் உட்கார்ந்துவிட்டன. நான்கு மெஷின்களைத் துணியில் சுற்றி மொட்டை மாடி அறையில் இருந்த இரும்பு பீரோவில் போட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை அது. வங்கதேசத்திலிருந்து வருபவர்களிடம் பெரும்பாலும் யுபிஐ இருக்காது, சர்வதேச கார்டுதான் இருக்கும். அப்படி ஒரு கூட்டம் வந்தபோது பீரோவைத் திறந்தார்கள். நான்கையும் நான்கு மணி நேரம் சார்ஜ் போட்டு ஆன் செய்தால், நான்கிலும் பூட்டு.

ஐந்தாவது மெஷின் மருந்துக்கடைக் கவுன்டரில் தினமும் ஓடியது. அதைப் பற்றிக் கவுன்டர் பையன் சொன்னது இது:

"அண்ணா, ராத்திரி வரைக்கும் நல்லாதான் ஓடிச்சு. காலைல ஆன் பண்ணா டேம்பர்னு காட்டுது. இன்னா ஆச்சுன்னே தெரியல. பேட்டரி மாத்துனா சரியாயிடுமா?"

"ஆகாதுப்பா. உள்ள இருக்கற சாவியே அழிஞ்சிடுச்சு. அதுமேல ஏதாவது ஊத்துச்சா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகுதான் டீ கொட்டிய கதை வந்தது.

ஆறாவதும் ஏழாவதும் ஆண்ட்ராய்டு மாடல். ஆறாவது கவுன்டரிலிருந்து விழுந்து கண்ணாடி விரிந்தது. ஏழாவதில் சார்ஜிங் பின் தளர்ந்திருந்தது. இரண்டையும் ஒரே நாளில் பஜாரில் ஒரு மொபைல் கடையில் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று பூட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்று நன்றாகச் சார்ஜ் ஏறிக்கொண்டு வந்தது.

பூட்டிக்கொள்வது என்றால்

மெஷினுக்குள் காப்பாற்ற வேண்டியது பணம் அல்ல, சாவிகள்; அதாவது தகவலை மறைக்கவும் திறக்கவும் பயன்படும் ரகசிய எண்கள். வாடிக்கையாளர் அழுத்தும் நான்கு இலக்கப் பின் எண், கார்டு எண்ணோடு கலந்து 8 பைட் கட்டாக மாறி, சாவியால் மறைக்கப்பட்டு வங்கிக்குப் போகிறது. வங்கிப் பக்கம் இருக்கும் பாதுகாப்புப் பெட்டியில்தான் அது மறுபடி திறக்கப்படும். இடையில் சிம், வைஃபை, டெலிபோன் கம்பி எதில் போனாலும் கவலையில்லை. கவலை மெஷினுக்குள், பின் எண் மறைக்கப்படும் முன் இருக்கும் அந்த ஒரு கணத்தில்.

இந்தச் சாவி ஏற்பாட்டைத் தொழிலில் டக்பட் என்பார்கள். ஒரு பரிவர்த்தனைக்கு ஒரு சாவி. முதலில் ஏற்றப்படும் சாவியிலிருந்து 21 எதிர்காலச் சாவிகளை மெஷின் உருவாக்கிக்கொண்டு முதல் சாவியை அழித்துவிடும். பயன்படுத்திய சாவியையும் ஒவ்வொரு முறையும் அழிக்கும். ஆகவே இன்று ஒருவன் மெஷினை உடைத்துச் சாவியை எடுத்தாலும் நேற்றைய பின் எண்களைத் திறக்க முடியாது. பழைய வகையில் எண்ணிக்கைக் கணக்கு 21 பிட்; நடைமுறையில் பத்து லட்சத்துக்குச் சற்று மேல் பரிவர்த்தனை தாங்கும். நாளுக்கு நூறு ஸ்வைப் என்றால் 28 வருடம். சாவி தீர்ந்துபோய் நின்ற மெஷினை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்பே கீபேட் தேய்ந்துவிடும்.

மெஷின் பூட்டிக்கொள்ளும்போது இந்தச் சாவிகள் அத்தனையும் அழிகின்றன. வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று ஊரைப் பற்றி ஒரு பழம்பேச்சு உண்டு. 1981-ல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை மறுபடி பிரதிஷ்டை செய்யும் வரை கோயில் என்னவோ முழுசாக நின்றது. உள்ளே சாமிதான் இல்லை. பூட்டிய மெஷினும் அப்படியே. திரை எரியும், பிரிண்டர் ஓடும், நெட்வொர்க் எடுக்கும். கருவறை மட்டும் காலி. ஒரு வித்தியாசம்: சாமியைச் சத்துவாச்சாரியில் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தார்கள். மெஷின் சாவியை எங்கும் ஒளித்து வைப்பதில்லை, அழித்தேவிடுகிறது. புதிதாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஓட்டுக்குள் என்ன இருக்கிறது

சாவிகள் இருப்பது எஸ்ராம் என்னும் நினைவகத்தில், பாதுகாப்புச் சிப்பின் உள்ளேயே. பென்டிரைவில் இருப்பது போன்ற ஃபிளாஷ் நினைவகம் மின்சாரம் போனாலும் மறக்காது. அதை அழிக்க நேரமும் மின்சாரமும் வேண்டும். திருடன் முதலில் வெட்டப்போவது மின்சாரத்தைத்தான். எஸ்ராம் அப்படியல்ல. மின்சாரம் நின்றால் மறதி. ஆபத்தை உணர்ந்தால் சிப் தானாகவே சாவி இருக்கும் இடத்தை அழிக்கும். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சின்னப் பங்கு கூட ஆகாது.

மறதிதான் பலம் என்பதால், மறக்காமல் இருக்க ஓயாமல் மின்சாரம் தர வேண்டும். அதற்குத்தான் போர்டில் ஒரு நாணய செல், வழக்கமாக சிஆர் 2032 அளவு: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். வெளியே கழற்றி மாட்டும் பெரிய பேட்டரி வேறு, இது வேறு. கடைக்காரர்களில் பலருக்கு இந்த இரண்டாவது செல் இருப்பதே தெரியாது.

சிப்பையும் கீபேடின் அடிப்பகுதியையும் சுற்றி ஒரு வலை. வளையும் படலத்தில் முடியளவு மெல்லிய செம்புப் பாதைகள் நெளிநெளியாக ஓடும். துளைக்கும் ஊசி எந்த இடத்தில் இறங்கினாலும் ஒரு பாதை அறுபடும் அல்லது பக்கத்துப் பாதையோடு ஒட்டும். நல்ல சிப்புகள் அந்தப் பாதையில் வெறும் மின்னழுத்தத்தை அனுப்புவதில்லை. மாறிக்கொண்டே இருக்கும் தற்போக்கான குறிகளை அனுப்பி, மறுமுனையில் அதே குறி வருகிறதா என்று பார்க்கும். கம்பியைச் சுற்றிப் போட்டு ஏமாற்றுவது அப்போது பலிக்காது.

அடுத்தது அழுத்தப் புள்ளிகள். கீபேட் ரப்பரின் அடியில், எண் விசைகளுக்கு நடுவே, வெளியே தெரியாத சில கரிப்பொட்டுகள் இருக்கும். வெளி ஓட்டைப் பொருத்தி ஸ்க்ரூ முறுக்கினால் அவை போர்டில் உள்ள வட்டங்களின் மேல் அழுந்தி இணைப்பை மூடும். ஓட்டைத் தூக்கினால் இணைப்பு விடும், சாவி அழியும். இடுக்கு வழியாக மின்கடத்தும் பசையை ஊற்றி அந்த இணைப்பை நிரந்தரமாக மூடிவிடலாமே என்று ஒருவன் யோசிப்பான். அதற்கும் பதில் உண்டு: ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி இன்னொரு காவல் வளையம். ஊற்றிய பசை முதலில் தொடுவது அந்த வளையத்தை. தொட்டதும் சாவி அழியும்.

வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் தனி உணரிகள். குளிரை ஏன் கவனிக்க வேண்டும் என்று வேலூரில் கேட்பது இயல்பு. எஸ்ராமைக் கடுங்குளிரில் வைத்தால், சுமார் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே, மின்சாரத்தை வெட்டிய பிறகும் உள்ளே இருந்தது சில நொடிகள், சில நேரம் நிமிடங்கள் வரை மறையாமல் நிற்கும். கேம்பிரிட்ஜில் செர்கெய் ஸ்கோரோபொகாடோவ் 2002-ல் பல சிப்புகளை வைத்து இதை அளந்து காட்டினார். அதனால்தான் குளிரைக் கண்டதும், மின்சாரம் இருக்கும்போதே சிப் சாவியை அழித்துவிடுகிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே சாவி ஒரே இடத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் அந்த நினைவக அறைகளில் தழும்பு மாதிரி ஒரு பதிவு விழும். அதைத் தவிர்க்க நல்ல வடிவமைப்புகளில் சாவியின் பிட்களை அவ்வப்போது புரட்டிப் புரட்டி வைப்பார்கள்.

பீரோவில் இருந்த நான்கு

இந்த நான்கை யாரும் திறக்கவில்லை. ஸ்க்ரூக்கள் தொடப்படாதவை, முத்திரை ஒட்டு முழுசு. சர்வீஸ் மெனுவில் வந்த காரணக் குறியீட்டை வங்கியின் சர்வீஸ் ஆள் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டபோது, நான்கிலும் மின்னழுத்தம் குறைந்தது என்றே வந்தது.

கணக்கு எளிது. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கும் வரை பாதுகாப்புச் சிப் அதிலிருந்தே குடிக்கும். நாணய செல் சும்மா இருக்கும். அணைத்து வைத்த மெஷினிலும் பெரிய பேட்டரி சில வாரங்களில் வடிந்துவிடும். அதன்பிறகு முழுச் சுமையும் நாணய செல் மேல். சுமார் 225 மில்லிஆம்பியர் மணி கொள்ளளவு. சிப் 5 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால் 45,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடத்துக்குச் சற்று மேல். இது காகிதக் கணக்கு, மிதமான வெப்பத்துக்கு. மெஷினின் அடியில் ஒட்டியிருந்த சீட்டின்படி இரண்டு மெஷின்கள் ஏற்கெனவே ஏழு வருடம் பழையவை, இரண்டு நான்கு வருடம்.

நான்கே வருடமான செல் ஏன் இறங்கியது? அறைதான் காரணம். மே மாதத்தில் வேலூர் வெளிவெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மூடிய இரும்பு பீரோவுக்குள், அதைவிடக் கூடுதல். சாதாரண சிஆர் வகை செல்லுக்கு 60 டிகிரிதான் மேல் எல்லை. வெப்பம் ஏற ஏற செல் தானாகவே வடியும். கூடவே சிப்பின் கசிவு மின்னோட்டமும் ஏறும். இரண்டு பக்கமும் இழப்பு. குளிரூட்டிய கவுன்டரில் ஐந்து வருடம் வரும் செல், இந்த பீரோவில் அதில் பாதிகூட வராமல் போகலாம்.

செல்லை மாற்றினால் சரியாகுமா என்ற கேள்வி எல்லா இடத்திலும் வருகிறது. மாற்றித் தருகிறேன் என்று காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். சாவி போன பிறகு செல் மாற்றுவது, ஊர் காலியான பிறகு கதவுக்குப் பூட்டு வாங்குவது மாதிரி. புதுச் செல்லோடும் அதே 'டேம்பர்' தான் வரும். மறுபடி முத்திரையிட்டுச் சாவி ஏற்றுவது அங்கீகரித்த மையத்தில் மட்டுமே நடக்கும்.

தடுக்கும் வழி ஒன்றும் பெரிதல்ல. பயன்படுத்தாத மெஷினை மாதம் ஒரு ராத்திரி சார்ஜ் போடுங்கள். தரைத்தளத்தில், இன்வெர்ட்டர் மேலோ ஃபிரிட்ஜ் மேலோ இல்லாமல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தேவையில்லை என்றால் வங்கிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது மேல். சும்மா கிடக்கும் மெஷினுக்கு வாடகை வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

டீ குடித்த மெஷின்

ஐந்தாவது மெஷினில் ராத்திரி பத்து மணிக்கு அரை டம்ளர் டீ கொட்டியது. பையன் உடனே கவிழ்த்து, துணியால் துடைத்து, ஒரு ஸ்வைப் போட்டுப் பார்த்தான், ஓடியது. பயம் தெளிந்து வீட்டுக்குப் போய்விட்டான். டீ கீபேட் ரப்பரின் ஓரமாக மெல்ல இறங்கி, விடிவதற்குள் ஏதோ ஒரு காவல் வளையத்தைத் தொட்டிருக்கிறது. பாலும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் நன்றாகவே மின்சாரம் கடத்தும். மின்கடத்தும் பசைக்கும் டீக்கும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

ஹேர் டிரையர் பிடித்தாலும், அரிசி டப்பாவில் புதைத்தாலும் பூட்டு விலகாது. ஒருமுறை விழுந்த பூட்டு காரணம் போனாலும் நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். கீழே விழும் அதிர்ச்சியில் கரிப்பொட்டு ஒரு கணம் எழும்பினாலும் இதே கதி. கவுன்டரிலிருந்து கம்பியில் தொங்கும் மெஷின்கள் அப்படித்தான் போகின்றன.

இந்த மெஷினில் உண்மையான தலைவலி வேறு. முந்தைய நாளின் 11 பரிவர்த்தனைகள் செட்டில் ஆகாமல் உள்ளே இருந்தன. இப்போது பெரும்பாலான அமைப்புகளில் ராத்திரி வங்கிப் பக்கமே தானாக செட்டில் ஆகிவிடும். இது பழைய மாடல், கடைக்காரர் கையால் செட்டில்மென்ட் போட வேண்டியது. நோயாளிகளின் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்கு வரவில்லை. மெஷினைத் திறந்து எடுக்க வழியில்லை. கையில் இருந்த கடைப் பிரதிச் சீட்டுகள்தான் காப்பாற்றின. ஒவ்வொன்றிலும் 8 இலக்க டெர்மினல் எண், 15 இலக்கக் கடை எண், 12 இலக்க ஆர்ஆர்என் (பரிவர்த்தனையைத் தேடும் எண்), 6 இலக்க ஒப்புதல் எண். இந்த நான்கும் தொகையும் தேதியும் இருந்தால் வங்கி தன் பக்கப் பதிவோடு பொருத்திப் பார்த்துக் கையால் செட்டில் செய்யும். அதில் இரண்டு சீட்டுகள் ஜன்னலோர வெயிலில் கிடந்து கறுத்துப்போயிருந்தன. தெர்மல் காகிதம் சூட்டில் கறுக்கும், நாள்பட்டால் வெளுக்கும். அந்த இரண்டுக்கும் லாட்ஜின் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றன்றைக்குச் சீட்டுகளைப் போனில் படமெடுத்து வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. படமெடுப்பது கடைப் பிரதியை மட்டும், அதில் கார்டு எண் மறைக்கப்பட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு.

கண்ணாடி மாற்றியது

ஆறாவது மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு மாடல்களில் பின் எண்ணை அழுத்துவது கண்ணாடியின் மேலேயே. ஆகவே தொடுதிரை காவல் எல்லைக்குள் வருகிறது. செல்போன் கண்ணாடி மாற்றுவது போல வெப்பத் தட்டில் வைத்துப் பிரித்தால் பூட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? மொபைல் கடைக்காரர் கெட்டிக்காரர்தான். புதுக் கண்ணாடி அழகாகவே உட்கார்ந்திருந்தது.

ஏழாவது

இதில் கண்ணில் பட்டது ஒரு ஸ்க்ரூ. பின்பக்க ஓட்டில் நான்கு ஸ்க்ரூக்கள். மூன்று நட்சத்திரத் தலை, ஒன்று பிளஸ் தலை. தயாரிப்பாளர் ஒரே ஓட்டில் இரண்டு வகை போடுவதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மற்ற மூன்றின் தலையிலும் புதுக் கீறல். ஓட்டின் இணைப்பு ஓரத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு, நெம்பிய வடு.

திறந்திருந்தால் ஏன் பூட்டவில்லை? காவல் வலை மெஷின் முழுவதையும் சுற்றி இருக்கிறது என்று நினைப்பதுதான் பிழை. அது கீபேட் அல்லது திரை, பாதுகாப்புச் சிப், கார்டு படிக்கும் பகுதியின் சில இடங்கள் ஆகியவற்றை மட்டும் சுற்றும். பிரிண்டர், சிம், பேட்டரி, சில மாடல்களில் சார்ஜிங் பின் உள்ள சிறு போர்டு எல்லாம் வெளியே. கோட்டையில் அகழிக்கும் உள்மதிலுக்கும் நடுவே உள்ள வெளி மாதிரி. மொபைல் கடைக்காரர் அந்த வெளியில் இறங்கி வேலை முடித்து ஏறிவிட்டார். வலையைத் தொடவில்லை. மெஷின் பூட்டாதது சரியே.

ஆனால் அந்த வெளி பாதுகாப்பான வெளி அல்ல. 2008-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார் டிரைமர், ஸ்டீவன் மர்டோக், ராஸ் ஆண்டர்சன் மூவரும் பிரிட்டனில் அப்போது புழக்கத்தில் இருந்த, முறையாகச் சான்று பெற்ற இரண்டு மாடல் மெஷின்களை எடுத்துக்கொண்டார்கள். கார்டுக்கும் மெஷினுக்கும் இடையே ஓடும் தரவுக் கம்பியை, காவல் வலையைத் தொடாமலே தட்ட முடியும் என்று காட்டினார்கள். ஒரு மாடலுக்குத் தேவைப்பட்டது ஒரு பேப்பர் கிளிப்தான். வலை உறுதியாக இருந்தது. வலை சுற்றிய இடம்தான் போதவில்லை. அங்கே பின் எண்ணைக் கார்டே சரிபார்க்கும் முறை இருந்ததால் பின் எண்ணும் அந்தக் கம்பியில் திறந்தபடியே போனது. இந்தியாவில் பெரும்பாலும் வங்கிதான் சரிபார்க்கிறது, ஆகவே அதே சேதம் அப்படியே நடக்காது. கார்டு எண்ணும் காந்தப் பட்டைத் தகவலும் போனாலே போதுமான சேதம்தான். அதை வைத்து வெளிநாட்டுத் தளங்களில் வாங்குகிறார்கள்.

ஓட்டைத் தொடாமலே உள்ளே போன சம்பவத்துக்கும் ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஐபிஎம் 4758, எஃப்ஐபிஎஸ் 140-1 என்ற அமெரிக்க அரசுத் தரத்தின் மிக உயர்ந்த நான்காம் நிலையை எட்டிய, கணினியில் செருகிச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு அட்டை. அதன் வெளி ஓட்டை யாரும் உடைக்கவில்லை. 2001-ல் மைக் பாண்ட், ரிச்சர்ட் கிளேட்டன் இருவரும் அதில் ஓடிய வங்கி மென்பொருளுக்கு முறையான கட்டளைகளையே வரிசைமாற்றிக் கொடுத்துச் சாவிகளை வெளியே எடுக்கும் வழியைக் காட்டினார்கள். கதவை உடைக்கவில்லை, வாசல்காரனிடம் சரியான வார்த்தைகளைச் சொல்லி உள்ளே போனார்கள்.

ஏழாவது மெஷினில் பார்த்தவை இவை. ஒட்டுச் சீட்டில் உள்ள சீரியல் எண், மெனுவில் வரும் சீரியல் எண், கொடுத்தபோது கையெழுத்துப் போட்ட சீட்டில் உள்ள எண், மூன்றும் ஒன்றே. சிப் துவாரத்தில் டார்ச் அடித்தபோது மெல்லிய படலம் எதுவும் இல்லை; கார்டு எப்போதும் இறங்கும் ஆழம் வரை இறங்கியது. பக்கத்து நகைக்கடைத் தராசில், பேப்பர் ரோல், பேட்டரி, சிம் மூன்றையும் எடுத்துவிட்டு, ஆறாவது மெஷினோடு எடை பார்த்தது. வித்தியாசம் 0.6 கிராம். வேறு கண்ணாடி, பசை, ஈயம் என்று விளக்கிவிடலாம். ஒரு திருட்டுப் போர்டையும் சின்ன பேட்டரியையும் ஒளித்தால் இதைவிட நன்றாக ஏறும். மெஷின் அருகில் போனில் ப்ளூடூத் தேடியபோது அறியாத பெயர் எதுவும் தொடர்ந்து வரவில்லை.

அதாவது, எதுவும் கிடைக்கவில்லை. அப்படியும் எடுக்கச் சொன்னதற்குக் காரணம் ஒன்றே: ஒரு பகல் முழுக்க அது யார் கையில், எந்த மேஜையில் இருந்தது என்பதற்குக் கணக்கில்லை. தேடிக் கிடைக்காததும் இல்லாததும் ஒன்றல்ல. தராசும் டார்ச்சும் அவசரமாக ஒட்டிய திருட்டுக் கருவியைப் பிடிக்கும். பொறுமையாகச் செய்ததைப் பிடிக்காது. மொபைல் கடைக்காரர் மேல் சந்தேகம் இருப்பதாக இதைப் படிக்க வேண்டாம். அவர் தெரியாமல் செய்தார், கொடுத்தவர்களும் தெரியாமல் கொடுத்தார்கள். மெஷின் கடைக்காரருடையது அல்ல, வங்கியுடையது. சார்ஜிங் பின் தளர்ந்தால்கூட வங்கியின் சர்வீஸ் எண்ணுக்குத்தான் சொல்ல வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

மாற்று மெஷின் வந்தபோது

சாவி ஏற்றுவது தனி அறையில், இரண்டு பேர் கூடித்தான். முழுச் சாவி ஒருவருக்கும் தெரியாது, ஆளுக்கொரு பாகம். ஏற்றியபின் ஆறு குறிகள் கொண்ட சரிபார்ப்பு மதிப்பை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதிலிருந்து சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. புது மாடல்களில் தூரத்திலிருந்தே ஏற்றும் வசதி உண்டு, ஆனால் டேம்பர் ஆன மெஷினுக்கு அது பயன்படாது. முதலில் உடல் சோதனை, பிறகுதான் சாவி.

பழைய மெஷின் போவதும் புது மெஷின் வருவதும்தான் மோசடிக்கு வசதியான நேரம். "பேங்க்ல இருந்து வர்றேன், மெஷின் மாத்தணும்" என்று அடையாள அட்டையோடு ஒருவர் வந்தால் ரிசப்ஷனில் கொடுத்துவிடுவார்கள். இந்த லாட்ஜில் இப்போது வைத்த வழக்கம்: வந்தவர் தரும் எண்ணை அழைப்பதில்லை, வங்கி ஸ்டேட்மென்டில் அச்சிட்ட எண்ணை அழைத்து, புகார் எண்ணையும் புது மெஷினின் சீரியல் எண்ணையும் கேட்டுக்கொள்கிறார்கள். மெஷின் வரும் பையில் ஒரு எண் இருக்கும். ஒருமுறை திறந்தால் மறுபடி ஒட்டாத பை அது. அந்த எண் வங்கி அனுப்பிய மின்னஞ்சலோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் கையெழுத்துப் போடுவதில்லை.

கடைகள் மெஷின் பட்டியல் வைத்து அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்பது கார்டு தகவல் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதியிலேயே இருக்கிறது. இப்போதைய பதிப்பில் 9.5-ஆம் பிரிவு. மாடல், சீரியல் எண், எங்கே வைத்திருக்கிறது, எப்போது பார்த்தது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பீரோவின் நான்கில் நான்கு வருட மெஷின்கள் இரண்டும் செல் மாற்றி, சாவி ஏற்றித் திரும்பின. ஏழு வருட மெஷின்கள் இரண்டும் திரும்பவில்லை. அவை மெஷின்களுக்கான பிசிஐ பிடிஎஸ் பாதுகாப்புச் சான்றின் மூன்றாம் பதிப்பைச் சேர்ந்தவை. அந்த அங்கீகாரக் காலம் முடிந்துவிட்டது. முதலாளி அவற்றைக் காயலான் கடைக்குப் போடலாம் என்றார். கூடாது. சாவி போனாலும் ஃபிளாஷில் பழைய பதிவுகள் மிச்சம் இருக்கலாம். அதைவிட முக்கியம், நல்ல ஓடு ஒன்று கிடைத்தால் உள்ளே எதை வேண்டுமானாலும் வைத்து, அசல் போலவே கவுன்டரில் உட்காரவைக்கலாம். இரண்டையும் வங்கிக்கே திருப்பி, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்கியாயிற்று.

ரசீதை நோட்டில் ஒட்டிவிட்டுப் பையன் கோடு போட்டான். அந்த நான்கு பத்திகளோடு ஐந்தாவதாக ஒன்றை அவனாகவே சேர்த்தான். அதற்கு அவன் வைத்த தலைப்பு 'ஸ்க்ரூ'. முதல் வரியில்: 'நாலும் ஸ்டார்.'